சப்பாத்து இறுக்கம், தடி கட்டை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெப்ரவரி விடுமுறையும், ஸ்கிலாகர் என்கிற பள்ளிக்கூடப் பனிச்சறுக்கு (ஸ்கீ) முகாமும் நெருங்கிவிட்டன. கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஆனாலும் இதை எழுதாமல் விட முடியவில்லை. எங்கள் கடைக்குப் போனால் பிள்ளைக்கு ஸ்கீ சப்பாத்தை இறுக்கமாகவும், ஊன்றிச் சறுக்கும் தடியை நீளம் குறைவாக, கட்டையாகவும் கொடுப்பார்கள், அடுத்த வருடமும் காசு பார்க்கத்தான் இந்த வேலை என்று சுவிஸில் பேர்ன் பக்கத்துப் பெற்றோர் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. உங்களில் பலர் அதை எங்களுக்கே அனுப்பி, என்ன விஷயம் என்று கேட்டீர்கள். நேரே கேட்டதற்கு மிகவும் நன்றி.

காசு பார்க்கிறோம் என்பதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது. எங்களிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் சப்பாத்தை விலைக்கு வாங்குவதில்லை, சீசன் வாடகைக்கு எடுக்கிறார்கள். நடுவில் கால் வளர்ந்தால் மேலதிகக் காசு இல்லாமல் மாற்றித் தருகிறோம். மாற்ற மாற்ற எங்களுக்குத்தான் வேலை. பெரிய சப்பாத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டால் கடையில் ஒரு சத்தமும் இருக்காது, பிள்ளையும் "நல்லா இருக்கு அம்மா" என்று சிரித்துக்கொண்டே போகும். அந்தச் சப்பாத்தோடு மலையில் அது படும் பாட்டை நினைத்துத்தான் அப்படிச் செய்வதில்லை.

ஸ்கீ சப்பாத்தில் இருக்கும் இலக்கம் பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். 23.5 என்றால் பாதம் 23.5 சென்டிமீட்டர். பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கும்போது பெருவிரலுக்கு முன்னால் இடம் விடுவோமே, அந்தக் கணக்கு இங்கே சரிவராது. நாங்கள் உள்ளே இருக்கும் மெத்தையான உள்சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறும் கடினமான வெளிக்கூட்டுக்குள் காலை வைக்கச் சொல்வோம். விரல்கள் முன்னால் முட்டும்போது குதிக்காலுக்குப் பின்னால் 1 முதல் 2 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். வளரும் பிள்ளைகளுக்கு அந்த 2 வரை விடுகிறோம், அதற்கு மேல் விடமாட்டோம்.

வீட்டுக்குப் போய்க் கம்பளத்தில் நேராக நிற்கவிட்டுப் பார்த்தால் விரல் முட்டத்தான் செய்யும். அப்போதுதான் எங்களுக்குத் தொலைபேசி வருகிறது. பக்கிளை, அதாவது சப்பாத்தை இறுக்கும் கொக்கிகளைப் பூட்டி, முழங்காலை முன்னால் தள்ளி, கணுக்காலை மடக்கி நிற்கச் சொல்லுங்கள். குதிக்கால் பின்னால் போய் அமரும், விரல்கள் முன்பக்கத்தை விட்டு விலகும். சறுக்கும்போது பிள்ளை நிற்க வேண்டியது அப்படித்தான்.

சப்பாத்து பெரிதாக இருந்தால் குதிக்கால் மேலே எழும்பும். கால் ஆடுகிறதே என்று பிள்ளை விரல்களை மடக்கிப் பிடிக்கும், உடம்பைப் பின்னால் சாய்த்துக் கெண்டைக்காலைச் சப்பாத்தில் முட்டுக்கொடுத்து நிற்கும். அப்படி நின்றால் ஸ்கீயின் முன்பக்கத்தில் பாரம் விழாது, திருப்பவும் வராது, தொடைதான் எரியும். ஆட்டத்தை நிறுத்தப் பக்கிளை இன்னும் இறுக்கினால் பாதத்தின் மேற்பக்கம் நசுங்கி விறைத்துவிடும். "கால் வலிக்குது" என்று வரும் பிள்ளைகளில் பலருக்குச் சப்பாத்து பெரிதாக இருப்பதை நாங்களே பார்த்திருக்கிறோம். இரண்டு சோடி தடித்த சொக்ஸ் போடுவதும் அதே மாதிரித்தான். இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். மெல்லிய ஸ்கீ சொக்ஸ் ஒரு சோடி போதும்.

சரி, தடிக்கு வருகிறேன். தடியின் நீளத்துக்குப் பிள்ளையின் உயரத்தை 0.7 ஆல் பெருக்குவது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 155 சென்டிமீட்டர் பிள்ளைக்கு 108.5 வரும். கடையில் இருப்பதோ 105, அப்புறம் 110. இதில் எது என்பதைப் பிள்ளை நிற்கும் விதம்தான் சொல்லும். பெரிய சப்பாத்திலோ, மடங்காத கடினமான சப்பாத்திலோ முழங்காலை நீட்டி விறைப்பாக நிற்கும் பிள்ளைக்கு 110 சரியாகத் தோன்றும். அதே பிள்ளைக்குச் சப்பாத்து பொருந்தி, கணுக்கால் மடங்கியதும் உடம்பு சில சென்டிமீட்டர் இறங்கிவிடும். இப்போது 110 நீளம். ஊன்றும் ஒவ்வொரு தடவையும் தடி கையை மேலே தள்ளும், தோள் பின்னால் போகும், பாரம் திரும்பக் குதிக்காலுக்கு வந்துவிடும். அதனால்தான் சப்பாத்துப் பூட்டிய பிறகே தடி அளக்கிறோம். தடியைத் தலைகீழாகப் பிடித்து, நுனிக்குப் பக்கத்தில் இருக்கும் வளையத்துக்குக் கீழே கை வைக்கச் சொல்கிறோம், ஏனென்றால் வளையத்துக்குக் கீழே இருக்கும் பகுதி பனிக்குள் இறங்கிவிடும். முழங்கை செங்கோணத்தில் இருந்தால் சரி. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் கட்டையானதைத் தருகிறோம். முதல் தடவை சறுக்கப் போகும் சின்னப் பிள்ளைகளுக்குத் தடியே வேண்டாம், ஸ்கீப் பள்ளிகளிலும் தடி இல்லாமல்தான் தொடங்குவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனின் சப்பாத்தைத் தம்பிக்குப் போட்டு, அதே ஸ்கீயில் அனுப்பாதீர்கள். சப்பாத்தின் அடிப்பகுதி நீளம் மாறினால், அதை ஸ்கீயோடு பூட்டிப் பிடிக்கும் பிண்டுங்கைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் விழும்போது கழன்று காலைக் காப்பாற்ற வேண்டியது கழலாமல் போகலாம். சுவிஸின் விபத்துத் தடுப்பு நிறுவனமான பிஎஃப்யூவும் பிண்டுங்கை வருடாவருடம் சரிபார்க்கச் சொல்கிறது. கொண்டுவாருங்கள், பார்த்துத் தருகிறோம்.

எங்கள் கடையில், இறுக்கும் இடத்தில் வெளிக்கூட்டைச் சூடாக்கி விரித்துக் கொடுத்த தம்பி மலைப்பக்கக் கடை ஒன்றுக்கு வேலை மாறிப் போய்விட்டார். அவருடைய கைக்கு நாங்கள் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம், உங்களில் பலருக்கும் அவரைத் தெரியும். அந்த வேலையை இப்போது நானே செய்வதால் ஒரு வாரம் வரை எடுக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சீசன் வாடகை 15 பிராங் கூடியிருக்கிறது.

குரல்பதிவு வந்த பிறகும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த அக்காமாருக்கும் அண்ணாமாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தாங்கள் முதல் சப்பாத்து எடுத்த கடைக்கே இப்போது தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். உங்களை நம்பித்தான் கடை நடக்கிறது.

ஸ்கிலாகருக்கு முந்தின சனிக்கிழமை வரை காத்திருக்காமல் வார நாளில், மாலையில் வாருங்கள். பகல் முழுக்க நடந்த கால் மாலையில் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது அளந்தால்தான் அளவு சரியாக வரும். இறுக்கமாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், எங்கே இறுக்குகிறது என்று கேட்டு, அந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்