பொருள்களை மறைக்கும் மென்பொருள் காரணத்தையும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் இருந்துகொண்டு வணிக நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். வாடிக்கையாளரிடம் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்டு, அவர் சொல்லும் பதிலுக்கு ஏற்ப நூற்றுக்கணக்கான பொருள்களில் நான்கைந்தை மட்டும் திரையில் நிறுத்தும் விற்பனை வழிகாட்டி மென்பொருள்கள் எங்கள் பகுதி மோட்டார் கடைகளுக்கும் வரத் தொடங்கியிருக்கின்றன. இவற்றை எழுதுகிறவர்களும் விலை கொடுத்து வாங்குகிற கடைக்காரர்களும் கவனிக்க வேண்டிய ஒரு குறையைத் தங்கள் நாளிதழ் வழியே சொல்ல விரும்புகிறேன்.

கடந்த குறுவையின் தொடக்கத்தில், பாபநாசத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பயிர் செய்யும் என் சித்தப்பாவின் நீர்மூழ்கி மோட்டார், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) எரிந்து நின்றுவிட்டது. நாற்றங்கால் விட்டுப் பன்னிரண்டு நாள்கள் ஆகியிருந்தன. ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் அது எங்கள் வாய்க்காலின் கடைமடைக்கு வந்து சேரும்வரை போர் எனப்படும் ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரை நம்பித்தான் நாற்று நிற்கும் என்பதால், அன்றே புது மோட்டார் வாங்க இருவரும் ஒரு கடைக்குப் போனோம். விற்பனைப் பணியில் இருந்த பெண் டேப்லெட்டை எடுத்து, போரின் விட்டம், மின் இணைப்பு, குதிரைத்திறன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான்கு அங்குலம், மும்முனை, மூன்று எச்.பி. என்று சித்தப்பா சொன்னார். பொருந்தும் பொருள் எதுவும் இல்லை என்று திரை காட்டியது. அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால், சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டி ஒன்றின் பக்கவாட்டில் 100 மி.மீ., 3 எச்.பி., மும்முனை என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. “அதோ இருக்கேம்மா” என்று சித்தப்பா கை காட்டினார். “சிஸ்டத்துல வரலைங்க ஐயா” என்றார் அவர். உரிமையாளர் வரும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்துதான் அந்தப் பெட்டியை வாங்கி வந்தோம்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரையில் வராததை விற்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். உரிமையாளரின் அனுமதியோடு பொருள் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. அந்த மோட்டாருக்கு எதிரே ‘போர் விட்டம்’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளத்தில் வெற்றுக் கட்டத்தை எந்த எண்ணோடு ஒப்பிட்டாலும் ‘ஆம்’ என்ற விடை வராது, ‘இல்லை’ என்ற விடையும் வராது. பொருள்களைச் சலித்தெடுக்கும் நிரல் பகுதியான வடிகட்டியோ ‘ஆம்’ என்று வந்ததை மட்டுமே உள்ளே விடும். ஆகவே, யாரும் நீக்காமலேயே அந்த மோட்டார் பட்டியலிலிருந்து காணாமல் போயிருந்தது. அந்த மென்பொருளை எழுதியவன் நான் அல்லன். ஆயினும் இதே பிழையை வேறொரு வேலையில் நானும் செய்திருக்கிறேன் என்பதால், அது எவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தப்பும் என்பது எனக்குத் தெரியும். தவறான பொருள் திரையில் வந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள்; சரியான பொருள் வராமல் போனால் கேட்க ஆளில்லை.

தேர்வுகளைச் சுருக்குவதே தவறு என்று நான் வாதிடவில்லை. சுருக்கித்தான் ஆக வேண்டிய இடங்கள் உண்டு. தரைக்கு மேல் வைத்த மோனோபிளாக் மோட்டார், காற்றழுத்தத்தின் துணையால்தான் தண்ணீரை மேலே இழுக்கிறது. கணக்குப்படி அதன் எல்லை ஏறத்தாழ 34 அடி. நடைமுறையில் 25 அடியைத் தாண்டினாலே திணறும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்ட பில்டர் பாயிண்ட்டுக்கு (ஆழம் குறைந்த குழாய்க் கிணற்றுக்கு) மேட்டில் வைக்கும் மோனோபிளாக்கைக் காட்டாமல் இருப்பதுதான் நேர்மையான விற்பனை. இந்தச் சிந்தனை புதிதும் அன்று. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்டெர்மட் 1978 இல் எழுதத் தொடங்கிய எக்ஸ்கான் என்ற மென்பொருள், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் விற்ற வாக்ஸ் கணினிகளுக்கு எந்த உறுப்போடு எது பொருந்தும் என்பதை விதிகளைக் கொண்டே முடிவு செய்தது. கேபிள் விடுபட்ட, பொருந்தாத பாகங்கள் கலந்த ஆர்டர்கள் வாடிக்கையாளரைச் சென்றடையாமல் தடுப்பதே அதன் வேலை.

ஆனால், குறைவாகக் காட்டினால் அதிகம் விற்கும் என்று எங்கள் தொழிலில் வேறொரு வாதமும் உலவுகிறது. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகிய இருவரும் 2000 இல் வெளியிட்ட ஆய்வை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். 24 வகை ஜாம் வைத்த மேசைக்கு வந்தவர்களில் சுமார் 3 விழுக்காட்டினரும், 6 வகை வைத்த மேசைக்கு வந்தவர்களில் சுமார் 30 விழுக்காட்டினரும் வாங்கினார்கள் என்பது அதன் முடிவு. இதுபோன்ற பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2010 இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வோ, சராசரியாக அந்த விளைவு ஏறக்குறைய இல்லை என்றே கண்டது. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மேலும், ஜாம் தவறிப்போனால் ஒரு புட்டிதான் வீண். மோட்டார் தவறிப்போனால் ஒரு போகமே வீண். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உண்மையான சிக்கல், பல வகைத் தடைகள் ஒரே வடிகட்டிக்குள் கலந்துகிடப்பதில் இருக்கிறது. ஆறு அங்குல மோட்டார் நான்கு அங்குலக் குழாய்க்குள் இறங்காது என்பது மாற்ற முடியாத தடை. ஒருமுனை இணைப்பு உள்ளவருக்கு மும்முனை மோட்டார் இன்றைக்குப் பயன்படாது என்பது அவருடைய நிலைமை சார்ந்த தடை. நாளை இணைப்பை மாற்றினால் அது நீங்கிவிடும். இந்த நிறுவனத்தின் மோட்டாரில் கடைக்கு லாபம் அதிகம், அந்த மாதிரி கிடங்கில் தேங்கிக் கிடக்கிறது என்பவை கடையின் வசதி மட்டுமே. இந்த மூன்றும் திரையில் ஒரே மௌனமாகத் தெரியும்போது, கடையின் வசதியும் இயற்கையின் விதிபோலத் தோற்றம் கொண்டுவிடுகிறது. கடைக்காரர் தம் வசதிக்கேற்ப ஒரு பொருளைப் பட்டியலின் மேலே வைக்கலாம். பரிந்துரை என்று எழுதியும் வைக்கலாம். பொருந்தக்கூடிய பொருளை இல்லை என்று காட்டுவதற்கு மட்டும் நிரல் எழுதுகிறவர் துணைபோகக் கூடாது. இணைய விற்பனைத் தளங்கள் பொருள்களை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகின்றன என்பதை எளிய மொழியில் விளக்க வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் வழிகாட்டு நெறிகளும், தேவையான தகவலை மறைத்து வேறொன்றைத் தூக்கிக்காட்டும் திரை அமைப்பை முறையற்றதாகவே வகைப்படுத்துகின்றன. கடைக்குள் இருக்கும் டேப்லெட்டுக்கும் அதே நேர்மையை நாமாக ஏற்றுக்கொள்வதில் என்ன தயக்கம்?

பொருளை மறைக்கும் ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் அதன் காரணத்தைத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதிவைக்கும் கட்டத்தை நான் இப்போது கட்டாயமாக்கியிருக்கிறேன். காரணம் எழுத வராத விதியைச் சேர்ப்பதில்லை. பட்டியலுக்குக் கீழே, காட்டப்படாத பொருள்கள் எத்தனை, எதனால் என்பதைத் தொட்டுப் பார்க்க ஓர் இடமும் வைக்கிறேன். கேள்விகளுக்கு ‘தெரியாது’ என்ற பதிலும் வேண்டும். அந்தப் பதில் வந்தால் வடிகட்டாமல் விட வேண்டும். எங்கள் பக்கத்தில் ‘ரெண்டு இன்ச் மோட்டார்’ என்றால் தண்ணீர் வெளியே கொட்டும் குழாயின் அளவைத்தான் சொல்வார்கள். போர் விட்டம் என்று கேட்டால் பலர் அந்த இரண்டையே சொல்லிவிடுவார்கள். போருக்குள் இறக்கியிருக்கும் கேசிங் குழாயின் படத்தைக் காட்டிக் கேட்டால் இந்தத் தவறு பெரும்பாலும் நேர்வதில்லை. முதல் கேள்விக்குத் திரும்பிப்போய்ப் பதிலை மாற்றும்போது முன்பு தேர்ந்தெடுத்த மோட்டார் அப்படியே தங்கிவிடுவதும் அடிக்கடி காணும் பிழை. திரையில் மறைத்தால் போதும் என்று நின்றுவிடாமல், விலைப்புள்ளி பதிவாகும் நேரத்தில் சர்வரிலும் எல்லா விதிகளையும் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டியது அதனால்தான்.

தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணம் கல்லூரிகளில் படித்துவிட்டு, சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் இங்கேயே இருந்து மென்பொருள் எழுதும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். போர் என்றால் என்ன, கடைமடை என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விதி எழுத உட்காரும் முன் ஒரு நாள் கடையில் நின்று, வருகிறவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைக் காதால் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று அவர்களை அன்போடு வேண்டுகிறேன்.

மறுவாரம் உரிமையாளர் அழைத்ததன் பேரில் அந்தக் கடைக்கு மீண்டும் போனேன். விட்டம் எழுதாத மோட்டார்கள் முப்பத்தொன்று இருந்தன. கடைப் பையன் ஒருவர் பெட்டிகளைத் திறந்து டேப்பால் அளந்து சொல்லச் சொல்ல, டேப்லெட்டில் ‘வரலை’ என்று சொன்ன அதே பெண் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டிருந்தார். மாலை நான்கு மணிக்குள் அந்த வேலை முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
மென்பொருள் உருவாக்குநர் ஒருவர்,
கும்பகோணம்.