கேஸ்கட்டும் கப்ளரும் ஒரே வழக்கு இல்லை

சென்னை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வேலு,

உன் மின்னஞ்சலும் அதோடு வந்த நான்கு அறிவிப்புகளும் கிடைத்தன. கேஸ்கட் (குக்கர் மூடிக்குள் வைக்கும் ரப்பர் வளையம்), கப்ளர் (மிக்ஸி மோட்டாரை ஜாரோடு இணைக்கும் பல் வைத்த பாகம்), ஜார் படம், ஜார் பிடி என்று நான்கின் மீதும் உரிமை மீறல் புகார் வந்ததால், நீ விற்கும் இணையத் தளம் அந்தப் பட்டியல்களை எடுத்துவிட்டது. நான்கு பொருளுக்கும் ஒரே மன்னிப்புக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாய். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டினாய். அதைக் கிழித்துப் போடு. நான்கில் ஒன்றில்தான் தப்பு உன் பக்கம். மற்ற மூன்றுக்கும் "தெரியாமல் நடந்துவிட்டது, இனி நடக்காது" என்று எழுதினால், செய்யாததை நீயே ஒப்புக்கொண்டதாகத் தளத்தின் பதிவில் ஏறிவிடும். நாளைக்கு அதே ஆள் இன்னொரு புகார் கொடுத்தால் "மறுபடியும் செய்தார்" என்பார்கள்.

ஒவ்வொரு அறிவிப்பிலும் என்ன உரிமை சொல்லியிருக்கிறார்கள் என்பதை முதலில் பார். வணிகச்சின்னமா, பதிப்புரிமையா, வடிவமைப்பா, காப்புரிமையா? நான்குக்கும் சட்டம் வேறு, பதிலும் வேறு. புகார் எண், எந்தப் பொருளின் குறியீடு, புகார் கொடுத்தவரின் மின்னஞ்சல், பதிவெண், இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வை. பதிப்புரிமைக்கு மட்டும் பதிவு கட்டாயமில்லை, அதனால் எண் இல்லையே என்று சண்டை போடாதே. மற்ற மூன்றுக்கும் எண் இல்லாமல் புகார் வந்தால் அதையே முதல் கேள்வியாகக் கேள்.

வணிகச்சின்ன எண்ணைச் சரிபார்க்கக் கிண்டி அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். ஐபி இந்தியா என்கிற அரசுத் தளத்தின் பொதுத் தேடலில் போட்டால் நிலவரம் வந்துவிடும், காசு கிடையாது. 'ரெஜிஸ்டர்டு' என்று இருந்தால்தான் உரிமை மீறல் என்று சொல்ல முடியும். 'அப்ஜெக்டட்' (அலுவலகம் ஆட்சேபித்தது), 'அப்போஸ்டு' (வேறு ஒருவர் எதிர்த்தது) என்றிருந்தால் அது இன்னும் விண்ணப்பம்தான். எந்தப் பொருள் வகைக்குப் பதிந்தது என்கிற வகுப்பையும் பார்: மிக்ஸி 7, அடுப்பில் வைக்கும் சாதா குக்கர் 21, ரப்பர் கேஸ்கட் 17. வகுப்பு வேறு என்பதற்காகத் தப்பித்துவிட்டோம் என்று நினைக்காதே, ஒத்த பொருள் என்றாலும் சட்டம் பிடிக்கும். ஆனால் பாத்திரத்துக்கு மட்டும் பதிந்த பெயரை வைத்துக்கொண்டு துணிப்பைக்குப் புகார் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி உன் சரக்குக்கு வருகிறேன். வணிகச்சின்னச் சட்டம் 1999-இன் 30(2)(d) பிரிவு உதிரிபாகக்காரர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். உன் பாகம் இன்னொருவரின் சாதனத்தில் பொருந்துவது என்று தெரிவிக்க, நியாயமான தேவை இருந்தால் அவர் பெயரைச் சொல்லலாம். அவருக்கும் உனக்கும் வியாபாரத் தொடர்பு உண்டு என்கிற எண்ணம் மட்டும் வரக்கூடாது. நீயும் இதைத்தான் பிடித்துக்கொண்டு கேஸ்கட்டுக்கும் வாதாடலாம் என்கிறாய். முடியாது. 2012-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஹாக்கின்ஸ் குக்கர் வழக்கில் இதையே பேசி முடித்துவிட்டது. அங்கேயும் கேஸ்கட்தான். உறையில் விற்றவரின் பெயர் இருந்தது, ஆனால் "இன்னதுக்குப் பொருந்தும்" என்ற வரியில் ஹாக்கின்ஸ் என்ற சொல் மட்டும் தனி நிறத்தில் எடுப்பாக நின்றது. ஒரே அளவுள்ள எந்தக் குக்கருக்கும் அந்தக் கேஸ்கட் பொருந்தும், அப்புறம் அந்தப் பெயரைச் சொல்ல என்ன தேவை என்று கேட்டுத் தடை கொடுத்துவிட்டார்கள்.

உன் பட்டியல் தலைப்பைப் பார். முதல் சொல்லே குக்கர் கம்பெனியின் பெயர். உன் பெயர் எட்டாவது சொல். அதனால் கேஸ்கட்டுக்கு மட்டும் ஒப்புக்கொண்டு எழுது: தலைப்பிலும் தேடல் சொற்களிலும் அந்தப் பெயரை எடுத்துவிட்டேன், உள்விட்டம் இத்தனை மில்லிமீட்டர், இத்தனை லிட்டர் குக்கருக்கு என்று மாற்றிவிட்டேன், மற்ற பட்டியல்களையும் பார்த்துத் திருத்திவிட்டேன். மூன்று வரி போதும். குடும்பக் கஷ்டமெல்லாம் எழுதாதே, படிக்கிறவருக்கு அதற்கு நேரமில்லை.

கப்ளர் கதையே வேறு. பல்லின் எண்ணிக்கை, பல்லின் சாய்வு, திருகு மரை எந்தப் பக்கம் சுற்றுகிறது, துளை அளவு, இதெல்லாம் மிக்ஸிக்கு மிக்ஸி மாறும். ஒரு மாடலுக்கான கப்ளர் இன்னொன்றில் உட்காராது, உட்கார்ந்தாலும் பல் தேய்ந்து ஜார் ஆடும். மாடல் பெயரைச் சொல்லாமல் வாங்குகிறவருக்கு எது தன் மிக்ஸிக்கானது என்று எப்படித் தெரியும்? தேவை என்பது இங்கே நிஜம். வெர்னியரில் அளந்த அளவுகளோடு, இரண்டு வெவ்வேறு கம்பெனிக் கப்ளர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடு. மறுப்பில் அந்த ஒரு படம் பத்துப் பத்தி பேசும். ஆனால் தலைப்பையும் சரிசெய்: உன் பிராண்டு முதலில், பொருள் அடுத்து, "இன்ன மாடலுக்குப் பொருந்தும்" கடைசியில். படத்தில் அவர்கள் சின்னம் எங்கேயும் தெரியக்கூடாது, பின்னால் நிற்கும் மிக்ஸியின் முகப்பில் இருப்பதும் சேர்த்துத்தான். பிராண்டு என்கிற கட்டத்தில் அவர்கள் பெயரை நிரப்பியிருந்தாய் என்றால் வாதாடவே முடியாது, அது போலிப் பொருள் கணக்கில் போய்விடும்.

அந்தக் கணக்கில் போனால் கேட்பது பில்தான். பெரும்பாலும் கடைசி 365 நாளுக்குள் வாங்கிய ஜிஎஸ்டி பில். கொடுத்தவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி பதிவெண், உன் கடைப் பெயர் (தளத்தில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து), பொருள் விவரம், எண்ணிக்கை எல்லாம் தெரிய வேண்டும். விற்றது 400 என்றால் 150-க்கு பில் காட்டிப் பயனில்லை. விலையை மறைக்கலாம், வேறு எதையும் தொடாதே. பிடிஎஃப்-ஐத் திருத்தி எண்ணிக்கையைக் கூட்டிய ஆட்களின் கணக்கு அதோடு முடிந்தது, அதற்கு மேல் முறையீடு எடுபடாது.

ஜார் படத்துக்கான புகார் இந்தியத் தளத்திலும் அமெரிக்கத் தளத்திலும் வந்திருக்கிறது. படம் நீ ஸ்டுடியோவில் காசு கொடுத்து எடுத்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே முதல் உரிமை. அதனால் ஸ்டுடியோ பில்லைத் தேடி எடு. கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பும் வேண்டும், அதில் நாளும் நேரமும் உள்ளே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும், ஸ்டுடியோக்காரரை மின்னஞ்சலிலோ பென்டிரைவிலோ தரச் சொல்.

இந்தியப் பக்கம் 2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75-ஆம் விதி இருக்கிறது. புகார் வந்து 36 மணி நேரத்துக்குள் தளம் எடுத்துவிட வேண்டும். 21 நாளுக்குள் புகார்தாரர் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் தளம் திரும்ப வைக்கலாம். 'வைக்கலாம்'தான், 'வைத்தே ஆகவேண்டும்' இல்லை, அதனால் 22-ஆம் நாள் நீதான் நினைவூட்ட வேண்டும்.

அமெரிக்கப் பக்கம் 1998-இன் டிஎம்சிஏ என்கிற மின்னணுப் பதிப்புரிமைச் சட்டம். அங்கே எதிர் அறிவிப்பு என்று ஒரு வழி உண்டு. அது பதிப்புரிமைக்கு மட்டும், வணிகச்சின்னத்துக்கு அதை அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும். நீ அனுப்பியபின் புகார்தாரர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாளுக்குள் படம் திரும்ப வரும். ஆனால் கையெழுத்துப் போடுமுன் யோசி. பொய்யானால் பொய்ச்சாட்சிக் குற்றம் என்று தெரிந்தே சொல்கிறாய், அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தின் வரம்புக்கு உட்படுகிறாய், உன் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் எதிராளி கைக்குப் போகும். படம் நிஜமாகவே உன்னுடையது, அதனால் நான் அனுப்பு என்றே சொல்வேன். வேறு யார் படத்தையாவது எடுத்து ஒட்டியவர்கள் இந்தப் பக்கமே போகக்கூடாது.

ஜார் பிடியின் வடிவமைப்புப் புகார்தான் நான்கில் சிக்கலானது. வடிவமைப்புச் சட்டம் 2000 கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைத்தான் காக்கும், வேலை செய்வதற்காக மட்டும் அமைந்த வடிவத்தைக் காக்காது. கப்ளர் பல்லுக்கு இது நல்ல வாதம். பிடிக்கு அவ்வளவு எடுபடாது, பிடியை எப்படியும் வளைக்கலாமே. அதனால் உன் வாதம் வேறு: அவர்கள் பதிவுக்கு விண்ணப்பித்த நாளுக்கு முன்பே அதே பிடி சந்தையில் இருந்தது. இந்தியாவிலோ வேறு நாட்டிலோ முன்பே வெளிவந்த வடிவத்தின் பதிவை 19-ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்கலாம்.

இங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள். டை (பிடியை வார்க்கும் அச்சு) செய்தவரின் பில் உன்னிடம் இருக்கிறது என்கிறாய். அது நீ செய்தாய் என்று காட்டும், வெளியிட்டாய் என்று காட்டாது. பட்டறைக்குள் பூட்டி வைத்திருந்த டை 'வெளியீடு' ஆகாது. விற்ற பில் வேண்டும், அதோடு அந்த மாடல் எண்ணும் படமும் சேர்ந்து அச்சான பழைய கேட்டலாக் வேண்டும். பட்டியலின் முதல் விமர்சனத் தேதியும் உதவும், ஆனால் இடையில் நீ படத்தை மாற்றியிருப்பாயோ என்று கேட்பார்கள். வாங்கியவர்களே விமர்சனத்தோடு போட்ட படங்கள் இருந்தால் அவைதான் தங்கம், உடனே தேதி தெரிய எடுத்து வை. நீதிமன்றம் வரை போனால் மின்னணுச் சான்றுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) இடம்பெறும், அதனால் மூலக்கோப்புகளைப் பெயர்கூட மாற்றாமல் தனியாக வை. ரத்து மனு கொல்கத்தாவில் உள்ள வடிவமைப்பு அலுவலகத்துக்குப் போகும், நாளாகும். அதுவரை காத்திருக்காமல் அதே சான்றுகளைத் தளத்துக்கும் புகார்தாரருக்கும் இப்போதே அனுப்பு.

புகார்தாரருக்கு எழுதுவதைக் கேவலமாக நினைக்காதே. அவர் புகாரைத் திரும்பப் பெறுவதுதான் எல்லாவற்றிலும் விரைவான வழி. பல நேரம் அந்தப் பக்கம் கம்பெனிக்காரரே இருக்கமாட்டார், சொல் தேடும் மென்பொருளை ஓடவிட்டு மொத்தமாகப் புகார் போடும் ஏஜென்சிதான் இருக்கும். புகார் எண், பொருள் குறியீடு, இரண்டு சான்று, ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். எந்த மின்னஞ்சலிலிருந்து புகார் கொடுத்தார்களோ அதிலிருந்தே திரும்பப் பெறச் சொல், வேறு முகவரியிலிருந்து வந்தால் தளம் கண்டுகொள்ளாது. ஒரு வாரம் விட்டு ஒரே ஒரு நினைவூட்டல். மிரட்டாதே. ஆதாரமில்லாத மிரட்டலுக்கு வணிகச்சின்னச் சட்டத்தில் 142, பதிப்புரிமைச் சட்டத்தில் 60 என்று பிரிவுகள் உண்டு, அதையெல்லாம் வக்கீல் கையில் விடு.

இரண்டு காரியம் மட்டும் செய்யாதே: எடுத்த பொருளையே புதுப் பட்டியலாகப் போடுவது, தம்பி பெயரில் இன்னொரு கணக்குத் திறப்பது. ஒரு பொருளோடு போகிறது முழுக் கடையோடு போகும். தளத்தின் கிடங்கில் இருக்கும் சரக்கை மட்டும் பார்த்துக்கொள், வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

உன் பிராண்டை 7-ஆம் வகுப்பில் பதிந்துவிடு. உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் இருப்பதால் இணையத்தில் ஒரு வகுப்புக்கு ரூ.4,500, அது இல்லாத கம்பெனிக்கு 9,000. விண்ணப்பித்ததும் பெயரோடு டிஎம் போட்டுக்கொள். வட்டத்துக்குள் ஆர் பதிவு வந்தபின்தான், முன்பே போடுவது 107-ஆம் பிரிவில் குற்றம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். கப்ளர் அளவுகளும் அந்த ஒப்பீட்டுப் படமும் தயாரானதும் எனக்கு அனுப்பு, மறுப்பை நானே ஒருமுறை பார்த்துத் தருகிறேன். மின்னஞ்சலிலேயே அனுப்பு, வாட்ஸ்அப் வேண்டாம்.

உன்,
சுந்தரம்