மாத்திரையை எண்ணியது போதும், பிரஷரை எண்ணுங்கள்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

என் அம்மாவின் அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. போன வருஷம் தற்செயலாக அதைத் திறந்தேன். உள்ளே பதினொரு அட்டை அம்லோடிபின், பிரஷர் மாத்திரை. ஒன்றில்கூட மாத்திரை உரிக்கப்படவில்லை. அம்மா 22 வருஷம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்பாமல் வேலை பார்த்தவள். மாதம் தவறாமல் போய் மாத்திரை வாங்கியிருக்கிறாள், வாங்கிய தேதிகள் அவள் நோட்டில் வரிசையாக இருக்கின்றன. ஏன் போடவில்லை என்று கேட்டேன். "தலை சுத்தும்போ போட்டா போதும் மக்களே, தினமும் போட்டா பழகிப் போவும்லா" என்றாள். அன்றைக்குப் பிரஷர் 178/104.

மருந்து கொடுத்தவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நோட்டைப் பார்க்கிற யாருக்கும் அம்மா ஒழுங்கான நோயாளி. அவளுக்குப் பிரஷர் குறைந்ததா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. இந்த மடல் அதற்காகத்தான்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது மனதார மகிழ்ந்தேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டாம், மருந்து வாசலுக்கே வரும் என்பது எங்களைப் போன்ற வீடுகளுக்குப் பெரிய காரியம். அதன் சாதனையாகச் செய்திகளில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் எத்தனை லட்சம் பேருக்கு மருந்து போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு. தமிழக அரசு 2020-இல் வீடு வீடாக நடத்திய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்றில் அது 17 சதவீதம் ஆனது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் நூற்றில் 83 பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். அவர்களில் நம் மாவட்டத்துக்காரர்கள் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும்: பதிவானவர்கள் இத்தனை, இந்த மூன்று மாதத்தில் பிரஷர் பார்க்கப்பட்டவர்கள் இத்தனை, 140/90-க்குக் கீழே இருப்பவர்கள் இத்தனை, வராமல் நின்றுபோனவர்கள் இத்தனை. கடைசி எண் மிக முக்கியம். ஒரு உதாரணத்துக்கு, பதிவானவர்கள் 100, வந்தவர்கள் 60, கட்டுக்குள் இருப்பவர்கள் 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்களை வைத்து வகுத்தால் 60 சதவீதம், பதிவானவர்களை வைத்து வகுத்தால் 36. வராமல் போன அந்த 40 பேரில்தான் நாளைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழப்போகிறவர் இருக்கிறார். அவரை வகுத்தலில் இருந்து எடுத்துவிடாதீர்கள்.

ஏன் வரவில்லை என்பதும் ஊருக்கு ஊர் மாறும். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் கரைக்கு வர ஒரு மாதத்துக்கு மேலாகும். முப்பது நாள் மாத்திரை அவர்களுக்கு நடுக்கடலில் தீர்ந்துவிடும். போகும்போதே மூன்று மாதத்துக்குக் கொடுத்து, திரும்பி வந்ததும் பார்க்க ஏற்பாடு வேண்டும். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்னே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அண்டி ஆபீஸ் பெண்களின் வீடு பகலெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். சாயங்காலம் வேலை விடும் நேரத்தில் ஆபீஸ் வாசலில் ஒரு மேஜை போட்டால் ஒரே நாளில் நூறு பேரைப் பார்த்துவிடலாம்.

அப்புறம், பார்க்கும் விதம். ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார வைத்து, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வைத்து, பேச்சுக் கொடுக்காமல் இரண்டு தடவை பார்க்க வேண்டும். கை தொங்கினாலோ கையில் சுற்றும் பட்டை சின்னதாக இருந்தாலோ அளவு ஏறிக் காட்டும். ஒரு பதிவேட்டில் எல்லா அளவும் 130/80, 140/90 என்று பூஜ்யத்திலேயே முடிந்தால், உத்தேசமாக எழுதியிருக்கலாம்; அங்கே கருவியையும் பார்க்கிறவரின் வேலைப் பளுவையும் போய்ப் பாருங்கள். நர்ஸைத் திட்டுவதற்கு அல்ல. ஒருவரே ஒரு காலையில் அத்தனை பேரைப் பார்க்க நேர்ந்தால் யாராலும் முடியாது.

மாரடைப்புக்கும் இதே கணக்கு வேண்டும். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. நல்ல திட்டம். எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பதோடு, வலி தொடங்கிய நேரம், இ.சி.ஜி. எடுத்த நேரம், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த நேரம், ஒரு மாதம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்பதையும் எழுதி வையுங்கள். கோதையாற்றிலிருந்து மலை இறங்கி வருபவருக்கும் நாகர்கோவில் நகருக்குள் இருப்பவருக்கும் ஆகும் நேரம் ஒன்றல்ல.

இன்னொரு வேண்டுகோள். பிரஷர் மிக அதிகமாக இருந்த நாளில் ஒருவரைப் பதிவு செய்தால், அடுத்த முறை எதுவும் செய்யாமலே கொஞ்சம் குறைந்து காட்டும். அதைத் திட்டத்தின் பலன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் புதிதாக எதையாவது தொடங்கினால், ஒன்பது ஒன்றியங்களிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். குலுக்கல் போட்டு நாலைந்தில் முதலில் தொடங்குங்கள், மற்றவற்றில் ஆறு மாதம் கழித்து. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அளந்து ஒப்பிட்டால் உண்மையில் பலன் உண்டா என்று தெரிந்துவிடும். பலன் இல்லையென்றாலும் அதை எங்களிடம் சொல்லுங்கள், கோபப்பட மாட்டோம்.

அம்மா இப்போது ராத்திரி கஞ்சி குடித்ததும் மாத்திரை போடுகிறாள். போன சனிக்கிழமை 134/82. இந்த எண் உங்கள் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு மகள்