தளம் போடும் முன்னே தோட்டக் குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் சேலத்தில் ஓமலூர் சாலையிலும் அயோத்தியாப்பட்டணம் பக்கமும் புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்ததும் அவசர அவசரமாகப் பேவர் பிளாக் பதித்து, கார் நிறுத்தும் இடத்துக்குக் கான்கிரீட் போட்டு, காம்பவுண்டு ஓரமாக மூன்றடி மண்ணைச் செடிக்கென்று விட்டுவிடுகிறார்கள். அந்த மண்ணுக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்ற கேள்வி குடிவந்த பிறகுதான் எழுகிறது. போட்ட தரையை உடைக்க அப்போது யாருக்கும் மனம் வராது. குழாயைச் சுவரோரமாக வெயிலில் இழுத்துக் கட்டுவார்கள். வெயில் படும் வெள்ளை பிவிசி சில ஆண்டுகளில் மொறுமொறுப்பாகி, கால் பட்டாலே உடையும்.

வயலில் சொட்டுநீர் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் அரசு மானியம் தருகிறது. அங்கே நிலத்தை அளந்து, வரைபடம் போட்ட பிறகே குழாய் இறங்குகிறது. செப்டிக் டேங்க் எங்கே, சம்ப் எங்கே என்று பிளானில் காட்டும் கட்டட இன்ஜினியர்கள், தோட்டக் குழாயையும் அதே தாளில் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். நேரம் வைத்துத் தண்ணீர் திறந்து மூடும் டைமர், செடியடியில் சொட்டு விடும் டிரிப்பர் எல்லாம் அடுத்த வருஷம்கூட வாங்கலாம். தரைக்கடியில் போவதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

கான்கிரீட்டோ கல்லோ வரப்போகும் இடங்களில் ஒன்றரை அடி ஆழத்தில் மூன்று அங்குல பிவிசி குழாயைக் குறுக்கே புதைத்து, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு, இரண்டு முனையையும் மூடி போட்டு அடைத்துவிட வேண்டும். பிற்பாடு தண்ணீர்க் குழாயை அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். மின்சார வால்வுக்குப் போகும் ஒயருக்குத் தனியாக ஓர் அங்குலக் குழாய். மூடுவதற்கு முன் டேப்பை விரித்து வைத்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று தெரியும்படி போனில் படம் எடுத்து வையுங்கள். ஐந்து வருஷம் கழித்துத் தோண்டுகிறவருக்கு அது போதும். நம் ஊர் மண்ணில் கூரான கல் அதிகம். பள்ளத்தின் அடியிலும் குழாயின் மேலும் நாலு விரற்கடை மணல் போடாவிட்டால், மேலே கார் ஏறும்போது கல் அழுத்திக் குழாய் கீறும். இணைப்புகளில் ஒட்டும் சொல்யூஷன் போட்டு ஒரு நாள் ஆறவிட்டு, இரவு முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, கசிவில்லை என்று பார்த்த பிறகே மண் தள்ள வேண்டும்.

மேல்நிலைத் தொட்டியில் தோட்டத்துக்கென்று தனி டேங்க் நிப்பிள், அதாவது தண்ணீர் வெளியேறும் இணைப்பு, வேண்டும். அதை அடியில் போடாமல், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் போட வேண்டும். இரவில் வால்வு மூடாமல் நின்றுவிட்டாலும் 1,000 லிட்டர் தொட்டியில் காலையில் வீட்டுக்கு 300 லிட்டராவது மிச்சமிருக்கும். மேட்டூர் தண்ணீர் தினமும் வராத தெருக்களில் இது சின்ன விஷயமில்லை. அடியில் தங்கும் வண்டலும் டிரிப்பர் பக்கம் வராது. வீட்டில் கடின நீரை மென்மையாக்க உப்பு போடும் சாஃப்ட்னர் வைப்பதாக இருந்தால் தோட்டக் கிளை அதற்கு முன்பே பிரிய வேண்டும். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தைக் கொடுக்கிறது. தொடர்ந்து ஊற்றினால் மண் இறுகிப்போகும். ஆர்ஓ கழிவுத் தண்ணீரையும் தொட்டிச் செடிக்கு ஊற்ற வேண்டாம், உப்பு கூடிக்கொண்டே போகும்.

அதிகம் பேர் ஏமாறுவது வால்வில்தான். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. மாடியில்லாத வீட்டில் தொட்டியின் அடி தரையிலிருந்து 5 மீட்டர் இருந்தால் கிடைப்பது அரை பார். மாடி வீட்டில் முக்கால் பார் வரலாம். தோட்டத்துக்குப் பொதுவாக விற்கும், மின்சாரத்தில் திறக்கும் சோலினாய்டு வால்வுக்கு இது போதாது. அதைப் பிரித்துப் பார்த்தால் ஒரு ரப்பர் சவ்வும், அதன் மேல் ஒரு ஸ்பிரிங்கும், பக்கத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளையும் இருக்கும். கரண்ட் நின்றதும் தண்ணீர் அந்தத் துளை வழியாகச் சவ்வுக்கு மேலே ஏறி, தன் அழுத்தத்தாலேயே சவ்வைக் கீழே அமுக்கி வழியை அடைக்கிறது. அதாவது வால்வை மூடுவது தண்ணீரின் அழுத்தம்தான். அழுத்தம் குறைந்தாலோ, துளையில் ஒரு மணல் சிக்கினாலோ வால்வு பாதி மூடி நிற்கும். விடிவதற்குள் தொட்டி காலி. தொட்டி அழுத்தத்தை மட்டும் நம்பியிருப்பவர்கள், உள்ளே பால் வால்வு (துளையிட்ட உருண்டை) சுழன்று மூடும் பேட்டரி டைமரை வாங்க வேண்டும். அட்டையில் 0 பாரிலிருந்து வேலை செய்யும் என்று போட்டிருக்கும். அதில் இன்னொரு சௌகரியம், மின்வெட்டு வந்தாலும் நேரம் மாறாது. பிரஷர் பம்ப் வைத்த வீடுகளுக்கு 24 வோல்ட் சோலினாய்டு சரியாக இருக்கும். ஆனால் அங்கே ரெகுலேட்டர் போட்டு 1 பாருக்குக் குறைக்காவிட்டால், லேட்டரலில், அதாவது செடியோரம் ஓடும் கறுப்புக் குழாயில், குத்திய டிரிப்பர்கள் ஒவ்வொன்றாகத் தெறித்து விழும்.

எந்த வகையானாலும் முதலில் கை வால்வு, அடுத்து 120 மெஷ் (நுண்ணிய வலை) ஃபில்டர், அதன் பிறகே டைமர் அல்லது சோலினாய்டு. ஃபில்டரைக் கடைசியில் வைத்தால் குப்பை வால்வுக்குள்ளேயே தங்கிவிடும். இரண்டு பக்கமும் கழற்றி மாட்டும் யூனியன் போட்டு, குனியாமல் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். எட்டாத ஃபில்டரை யாரும் கழுவ மாட்டார்கள்.

டிரிப்பர் வாங்கும்போது கடையில் அழுத்தம் ஏறி இறங்கினாலும் ஒரே அளவு விடும், விலை கூடிய பிசி டிரிப்பரை எடுத்துக் கொடுப்பார்கள். அது சீராக வேலை செய்ய அரை முதல் 1 பார் வரை வேண்டும். தொட்டி அழுத்தத்துக்குச் சாதாரண டிரிப்பரே நல்லது. 1 பாரில் மணிக்கு 4 லிட்டர் விடுவது அரை பாரில் 2.8 லிட்டர் விடும். நேரத்தை ஒன்றரை மடங்கு ஆக்கினால் சரியாகிவிடும்.

ஒரு சாதாரண வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 பூந்தொட்டிக்கு ஆளுக்கொரு 2 லிட்டர் டிரிப்பர், மணிக்கு 40 லிட்டர். மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் மூன்று காய்கறிப் பாத்தி. பாத்திக்கு இரண்டு வரிசை, 30 செ.மீ. இடைவெளி என்றால் பாத்திக்கு அதே 2 லிட்டர் டிரிப்பர் 20, மூன்றுக்கும் சேர்த்து 120 லிட்டர். எலுமிச்சை, கறிவேப்பிலை, முருங்கை என்று ஆறு மரக்கன்றுக்கு நான்கு 4 லிட்டர் டிரிப்பர் வீதம் 96 லிட்டர். மூன்றையும் ஒன்றாகத் திறந்தாலும் மணிக்கு 256 லிட்டர்தான். குழாய் முனையில் 15 லிட்டர் வாளி 45 நொடியில் நிறைந்தால் மணிக்கு 1,200 லிட்டர் வருகிறது என்று பொருள். ஆகவே தண்ணீர் போதாது என்பதற்காகப் பிரிக்க வேண்டியதில்லை. செடிகளின் தாகம் வேறு வேறு என்பதால்தான் மூன்று தனி வால்வு. சித்திரை வெயிலில் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு நாளுக்கு 6 லிட்டர் என்று வைத்தால் 27 நிமிடம். தொட்டிச் செடிக்குக் காலையும் மாலையும் 15 நிமிடம். மரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம். எல்லாம் சேர்ந்து நாளுக்கு 120 லிட்டர் சொச்சம், அதாவது எட்டுக் குடம். இது 1 பாருக்கான கணக்கு. நேரத்தை விடியற்காலை ஐந்து மணிக்கு வையுங்கள். மதியத்தில் கறுப்புக் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். ஐப்பசி மழையில் டைமரை நிறுத்த மறக்க வேண்டாம்.

மாமரம் வைத்திருந்தால் அதற்கும் தனி வால்வு. காய்க்கும் வயதுக்கு வந்த மரத்துக்குப் பூ எடுப்பதற்கு முன், கார்த்திகை மார்கழியில், தண்ணீரை நிறுத்த வேண்டும். டைமர் அதுபாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தால் மல்கோவா தழையும் துளிருமாக நிற்கும், பூக்காது.

ஏற்காட்டில் சரிவில் வீடு கட்டுகிறவர்களுக்கு வேறு கவலை. ஒரு மீட்டர் இறங்கினால் 0.1 பார் கூடும். மேலிருந்து கீழாக ஒரே லேட்டரலை ஓட்டினால் மேல்செடி காயும், கீழ்ச்செடி அழுகும். வால்வு மூடிய பிறகும் குழாயில் உள்ளதெல்லாம் கீழ் டிரிப்பரில் வடியும், மேல் டிரிப்பர்கள் காற்றோடு சேற்றையும் உறிஞ்சும். லேட்டரலைச் சரிவுக்குக் குறுக்கே, படிக்கட்டுக்கு ஒன்றாக ஓட்டி, உச்சியில் காற்றை உள்ளே விடும் ஒரு ஏர் வால்வு போட வேண்டும்.

கோடையில் அணில் லேட்டரலைக் கடிக்கும். அது தேடுவது தண்ணீரை. குழாயைச் சருகுக்கடியில் இரண்டு அங்குலம் மறைத்து, ஓரத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் கடிப்பது வெகுவாகக் குறையும்.

வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டும் ஊர் இது. போர்த் தண்ணீர் பல இடங்களில் கடினம். சில மாதத்தில் டிரிப்பர் வாயில் சுண்ணாம்பு பூத்தது போல வெள்ளை கட்டும். குச்சியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கழற்றி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து இரவு முழுக்க ஊறவைத்துக் கழுவினால் திறந்துகொள்ளும். டிரிப்பர்களை மாட்டுவதற்கு முன் லேட்டரலின் கடைசி மூடியைக் கழற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். பத்துப் பதினைந்து டிரிப்பர் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டால், பழையவை ஊறும் நாளிலும் செடிக்குத் தண்ணீர் நிற்காது.

இப்படிக்கு,
தோட்டக் குழாய்ப் பணி செய்வோர்,
அஸ்தம்பட்டி, சேலம்.