பிஸ்கட் டப்பாவில் மாத்திரை காத்த அக்காவுக்கு நன்றி

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

அந்தப் பத்து நாள் மழை எப்படிப் போனது என்று நம் பகுதியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காசநோய்க்கு மாத்திரை எடுத்துவரும் ஒருவருக்குக்கூட ஒரு வேளை தவறவில்லை என்பதை நேற்று இரவுதான் அட்டைகளை எண்ணி உறுதிசெய்தோம். மனசு இன்னும் அடங்கவில்லை.

முதல் நன்றி பாலத்தடி டீக்கடை அக்காவுக்கு. வீடுகளில் தண்ணீர் ஏறியதும் மாத்திரை அட்டைகளை எங்கே வைப்பது என்று திகைத்து நின்றோம். அட்டை கிழிந்து ஈரம் உள்ளே போனால் மருந்து கெட்டுவிடும். அக்கா பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துக் காலிசெய்து, "இதுல போடுங்கம்மா" என்றார். ஆளுக்கொரு காகிதக் கவர், மேலே பெயர், எடை, மாத்திரை எண்ணிக்கை. 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. ஆள் மாறினால் அளவு மாறிவிடும் என்று ஒருமுறைதான் சொன்னோம். அக்கா தினமும் கவரைப் படித்துக் காட்டிய பிறகே கையில் கொடுத்தார். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்து இட்லியும் அவித்த முட்டையும். காசு வாங்கவில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறதென்று பயந்த பையனிடம், "அது மாத்திரையோட கலர்தான்பா" என்று அவரே தேற்றினார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அக்கா தனி டம்ளர் வைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கண்ணாடி கிளாஸ்தான். காசநோய் இருமும் காற்றில் பரவும், டம்ளரில் பரவாது. 1956-இல் நம் சென்னையில் தொடங்கிய ஆய்வே, வீட்டிலிருந்து சிகிச்சை எடுத்தவர்களின் குடும்பத்துக்கு, சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை எடுத்தவர்களின் குடும்பத்தைவிட அதிகமாக நோய் தொற்றவில்லை என்று காட்டியது. இத்தனை வருஷம் கழித்தும் வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் நோயைச் சொன்னால் வேலை போய்விடும் என்று மறைக்கிறார்கள்.

மாத்திரை இலவசம்தான். ஆனால் மூட்டை தூக்குகிறவருக்கு ஆஸ்பத்திரி போகும் நாள் கூலி இல்லாத நாள். கூடப் போகிறவருக்கும் அப்படியே. வருட வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நோய்க்கே போனால் அதைக் குடும்பத்தை முறிக்கும் செலவு என்பார்கள். தினக்கூலிக்காரர் அந்தக் கோட்டை எவ்வளவு சீக்கிரம் தாண்டிவிடுகிறார் என்பதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகளுக்கு வங்கிக் கணக்கில் பெயர் ஒரு எழுத்து மாறினாலும் அது தாமதமாகிறது.

படகு தந்த மீனவ அண்ணன்மார், முழங்கால் தண்ணீரில் சளிப் பரிசோதனை டப்பாக்களைச் சுமந்த தம்பிகள், இரவிலும் போன் எடுத்த செவிலியர்கள், அரிசி தந்த ரேஷன் கடைக்காரர் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

அடுத்த அக்டோபருக்கு முன்பே ஒவ்வொருவர் கையிலும் பதினைந்து நாள் மாத்திரை ஜிப் கவரில் இருக்கும். பெயரும் போன் எண்ணும் தாளிலும் எழுதி வைத்திருப்போம். இது எங்கள் வாக்கு. கணக்கில் பெயர் தப்பாக உள்ளவர்கள் ஆதாரோடு இந்த வாரமே வாருங்கள், திருத்திவிடலாம்.

அக்கா, டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறோம். மூடி கொஞ்சம் தளர்ந்துவிட்டது. புதுசாக ஒன்று வாங்கி நாளைக் காலையில் கொண்டுவருகிறோம்.

— மாத்திரைத் துணைக் குழுவினர்