கார்டுக்கு பின்பக்கமும் இருக்கு: நூலகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். விஷயம் உங்களுக்குத் தெரியும், முதல்லேர்ந்து சொல்லப் போறதில்ல. எங்களுக்கு அரசியலமைப்பு பத்தி பாடம் எடுத்த சாரோட பேப்பர்ஸ், அதாவது அவர் கையால எழுதின குறிப்பு கார்டு கட்டுங்களும் கேசட்டுங்களும், பெட்டி பெட்டியா உங்ககிட்ட வந்து நாலு வருஷம் ஆச்சு, இன்னும் எதுல என்ன இருக்குன்னு ஒரு லிஸ்ட் இல்ல. நான் மூணு லெட்டர் போட்டேன், மூணுக்கும் "பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒரே பதில், தேதி மட்டும் வேற.

போன வாரம் என் ஸ்டூடண்ட் ஒரு பொண்ணு அங்க வந்தா. சம்பகம் துரைராஜன் கேஸ்ல ரிசர்ச் பண்றா. 1951 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் மெட்ராஸோட கம்யூனல் ஜி.ஓ., அதாவது காலேஜ் சீட்ட சாதி, மத வாரியா பிரிச்ச அரசாணை, செல்லாதுன்னு சொல்லுது, ஜூன்லயே அரசியலமைப்புக்கு முதல் திருத்தம் வந்து, பிற்பட்டவங்களுக்கு தனி ஏற்பாடு செய்ய வழி விடற 15(4) சேருது. அதுக்குன்னே சார் தனியா ஒரு கார்டு கட்டு வச்சிருந்தார், அதைக் கேட்டிருக்கா. லிஸ்ட் இல்லாம எடுத்துத் தர முடியாதாம். சரி, லிஸ்ட் எப்போ வரும்னா, யாராவது யூஸ் பண்றாங்கன்னு காட்டினாதான் அதுக்கு ஆள் போடுவாங்களாம். இந்த பதிலை யோசிச்சவர் யாருன்னு தெரியல, ஆனா திறமைசாலி.

அப்புறம் "டிஜிட்டைஸ் பண்ணது இருக்கு"ன்னு ஒரு பென் டிரைவ் குடுத்திருக்காங்க. திறந்து பாத்தா எல்லா கார்டும் முன்பக்கம் மட்டும்.

இத கொஞ்சம் பொறுமையா கேளுங்க. சார் கார்டோட முன்பக்கத்துல எழுதினது, அரசியலமைப்ப உருவாக்கின அரசியல் நிர்ணய சபை விவாதத்துலேர்ந்து எடுத்தது, அது அச்சுலயே கிடைக்கும், யார் வேணா படிக்கலாம். அவரோட சொந்த வேலை பூரா பின்பக்கத்துலதான். ஒண்ணு சொல்றேன், வகுப்புல அவரே காட்டினது. 1948 நவம்பர் 5ல அந்த சபை உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பேசினது முன்பக்கம் இருக்கும்: அரசியலமைப்ப எழுதப் போட்ட வரைவுக் குழு ஏழு பேர்ல ஒருத்தர் ராஜினாமா, ஒருத்தர் இறந்துட்டார், அவர் இடத்துக்கு ஆள் போடல, ஒருத்தர் அமெரிக்காவுல, கடைசில பாரம் அம்பேத்கர் தலைமேலதான் விழுந்துச்சுன்னு. பின்பக்கம் பென்சில்ல: "இறந்தவர் இடத்துக்கு வந்தவர்னு புஸ்தகத்துல இவர் பேரே இருக்கே? தேதி பார்." அந்த ரெண்டு வரிய வச்சு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தார் மனுஷன், பேசினப்போ கிருஷ்ணமாச்சாரி குழுவுலயே இல்ல, அப்புறம்தான் வந்தார்னு நாங்களா கண்டுபிடிக்கிற வரைக்கும் விடல.

பெரிய புஸ்தகம்னு அவர் எதுவும் போடல. பப்ளிகேஷன் பத்தலன்னு புரமோஷன் தள்ளிப் போனது உங்க ஆபீஸ் ஃபைல்லயே இருக்கும். முப்பது வருஷ சர்வீஸுக்கு மிச்சம் அந்த கார்டுங்கதான், அதுலயும் ரப்பர் பேண்டக் கழட்டி சைஸ் வாரியா அடுக்கி வச்சிருக்கீங்கன்னு அந்தப் பொண்ணு சொல்றா. அடுக்கினவருக்கு நல்ல எண்ணம்தான் இருந்திருக்கும். ஆனா ஒரு கட்டுங்கிறது ஒரு வாதம், எந்த கார்டுக்கு அடுத்து எதுங்கிறதுலதான் அவர் என்ன சொல்ல வந்தார்னு இருக்கு. வந்த வரிசைய கலைக்கக்கூடாதுங்கிறது ஆவணக் காப்பகத்துல முதல் நாள் சொல்லித் தர்றது இல்லையா?

நவம்பர் 26 வந்தா ஃப்ளெக்ஸ் வச்சு, எல்லாரையும் நிக்க வச்சு முகவுரைய வாசிக்க வைக்கிறீங்க, சந்தோஷம். அந்த ஃப்ளெக்ஸ மடிச்சு வைக்கிற மாடிப்படி ரூம்லதான் பெட்டிங்களும் இருக்கு, ஃப்ளெக்ஸ் மேல, பெட்டி கீழ. கையால எழுதின மூல அரசியலமைப்ப நாடாளுமன்ற நூலகத்துல வாயு நிரப்பின கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க. நாங்க அவ்வளவெல்லாம் கேக்கல, தரையிலேர்ந்து ஒரு அடி தூக்கி வைங்கன்னுதான் கேக்கறோம். போன மழைக்கே ரெண்டு பெட்டியோட அடி ஊறிப்போச்சு. கேசட்டுங்கள பத்தி கேக்கவே பயமா இருக்கு, ஈரம் பட்டா டேப் ஒட்டிக்கும், அப்புறம் அதுல பேசினவங்க குரல் திரும்ப வராது.

கோபமா எழுதிட்டேன், மன்னிக்கணும். கேக்கறது ஒண்ணே ஒண்ணு, ஒரு லிஸ்ட் போடுங்க. எந்தப் பெட்டில என்ன இருக்குன்னு பெட்டிக்கு ஒரு பக்கம் போதும். சம்பளம் வேணாம், பழைய ஸ்டூடண்ட்ஸ் நாங்க ஆறு பேர் லீவு போட்டுட்டு வர்றோம், நீங்க ஒரு டேபிளும் லைட்டும் குடுத்தா போதும். அதுவரைக்கும் தயவுசெஞ்சு யாரும் அடுக்க வேணாம். திரும்ப ஸ்கேன் பண்றதா இருந்தா கார்ட திருப்பிப் போட்டும் ஒரு தடவை எடுங்க.

இந்தத் தடவை பதில்ல ஒரு தேதி இருக்கட்டும், நாங்க என்னிக்கு வரணும்னு.

இப்படிக்கு,
சாரோட பழைய மாணவன்