உன் வளவுப் பூனைகள்

அன்பின் மாலா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பிள்ளைப்பேறு நல்லபடியாக முடிந்த செய்தியைக் கேட்டு அம்மாவுக்கு ஒரே சந்தோசம். சரக்குத்தூள் இடித்து அனுப்பட்டுமா என்று கேட்கிறார். இங்கே எல்லோரும் சுகம். சோளகக் காற்று பிடித்துவிட்டது, முற்றத்துக் கொடியில் ஒரு துணி நிற்குதில்லை.

சரி, பூனை விசயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில் பூட்டிக்கிடக்கிற உன் வீட்டில் பூனைகள் குடிவந்துவிட்டன, எல்லாவற்றையும் உரப்பையில் கட்டிப் படகில் ஏற்றி வேறு தீவில் விட்டுவிடலாம் என்று சித்தப்பா சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். மாலா, அதற்கு மட்டும் சம்மதிக்காதே.

எங்கே தண்ணீர் கிடக்கும், நாய் கலைத்தால் எந்தக் கூரையில் ஏறலாம் என்பதெல்லாம் பூனைக்குத் தான் பழகிய இடத்தில்தான் தெரியும். புது இடத்தில் அங்குள்ள கடுவன் பூனைகள் அதை அண்ட விடாது. நல்ல தண்ணீருக்கு மனிதரே தண்ணீர்ப் பவுசரைப் பார்த்துக்கொண்டிருக்கிற தீவுகளில் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? உன் வளவும் வெறுமையாக இராது. சாப்பாடும் ஒதுங்க இடமும் இருக்கிறவரை பக்கத்துப் பூனைகள் வந்து அதே குசினியில் குட்டி போடும். 1991 போர் இடப்பெயர்வுக்குப் பிறகு திறக்காமலே கிடக்கிற வீடுகள் அங்கே எத்தனை என்று உனக்குத் தெரியும். போதாததற்கு, நயினாதீவுக்குப் படகேறுகிற குறிகாட்டுவான் இறங்குதுறையில் மட்டைப்பெட்டியோடு குட்டிகளை வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவரை மறித்துக் கேட்டேன். "நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற சனம் ஏதாவது போடும்தானே" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து செய்வது இதுதான். கூடு வைத்துப் பிடிக்கிறோம், யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்விக்கிறோம், பிடித்த இடத்திலேயே திரும்ப விடுகிறோம். கூட்டுக்குள் பொரித்த சூடைமீன் வைத்தால் பூனை வராமல் இராது. கதவு விழுந்த கணம் கம்பியில் மூக்கை இடித்துக்கொண்டு பாயும். உடனே பழைய சாரம் ஒன்றால் கூட்டை மூடிவிட வேண்டும், இருட்டானதும் அப்படியே அடங்கிப் படுத்துவிடும். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே இது சத்திரசிகிச்சை செய்த பூனை என்று தெரியும், அதையே மறுபடி பிடித்து வதைக்கத் தேவையில்லை. விசர்நோய்த் தடுப்பூசியையும் அதே நேரத்தில் போட்டுவிடுகிறோம். அந்த ஒரு ஊசிக்காகவே ஊர்ச் சனம் எங்களை மதிக்கத் தொடங்கியிருக்கிறது.

பெட்டைப் பூனை நாலைந்து மாத வயதிலேயே சினைப்படும். ஒன்பது கிழமையில் குட்டி போட்டுவிடும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்கும் தயாராகிவிடும். குளிர்நாடுகளில் பகல் சுருங்குகிற மாதங்களில் பூனைக்கு ஓய்வு உண்டு. எங்கள் பக்கம் பகல் அவ்வளவாக மாறுவதில்லை, வருசம் முழுக்கக் குட்டிதான். அதனால் ஒன்றிரண்டுக்குச் செய்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. ஒரு வளவில் பத்து என்றால் ஏழெட்டுக்காவது செய்ய வேண்டும்.

பூனையே இல்லாத தீவு வேண்டும் என்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தென்னாபிரிக்காவின் மரியன் தீவில் 1949இல் எலி பிடிக்க ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1970களில் அவை ஆயிரக்கணக்காகி, பொந்தில் முட்டையிடும் கடற்பறவைகளைக் கொன்று குவித்தன. நோய்க்கிருமியைப் பரப்பியும் துவக்கால் சுட்டும் 1991 அளவில் அவற்றை ஒழித்தார்கள். அது குடிமக்கள் இல்லாத தீவு. புங்குடுதீவில் வலை காய்கிற ஒவ்வொரு வாடியிலும் ஒரு பூனை யாரோ ஒருவரின் செல்லம். ஆனால் பறவைகளை நான் மறக்கவில்லை. ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில்தான் முட்டை இடும், குஞ்சும் தரையில்தான் ஓடித்திரியும். கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடத்தான் செய்யும். அதனால் சாப்பாட்டுத் தட்டுகளைத் அவை திரிகிற தரவை வெளிப் பக்கம் வைக்க விடுவதில்லை, வீட்டோரமாக, அதுவும் காலையில் மட்டும். மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரவில் எலி வரும்.

என் மனதில் நிற்பது ஜப்பானின் அவோஷிமா. அதுவும் மீனவர் தீவுதான். சனம் வேலை தேடி வெளியேற, ஒருசில வயதானவர்களும் அவர்களை விடப் பல மடங்கு பூனைகளும் மிஞ்சின. 2018இல் அந்தப் பூனைகளுக்குக் கருத்தடை செய்தார்கள். இப்போது அங்கே குட்டிகள் பிறப்பதில்லை, இருக்கிறவை மனிதர் கையால் சாப்பிட்டு முதுமையடைகின்றன. எங்கள் தீவுக்கும் நான் விரும்புவது அதுபோன்ற நிதானமான வழியைத்தான்.

இன்னொன்று, சித்தப்பாவிடம் கட்டாயம் சொல்லு. சோர்ந்து கிடக்கிற பூனைக்கு இரக்கப்பட்டு பரசிற்றமோல் கரைத்துக் கொடுக்கிறார்கள். அந்த மருந்தைப் பூனையின் ஈரல் தாங்காது, ஒரு குளிசையே கொன்றுவிடும்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. சத்திரசிகிச்சை முடிந்த பெட்டைகளை அன்று இரவாவது வெளியே விடாமல் வைத்திருக்க வேண்டும். உன் வீட்டுக் குசினிக்குப் பக்கத்து அறையைத் தருவாயா? கூரை ஒழுகவில்லை, யன்னல் கம்பியும் நல்லாயிருக்கிறது, ஒருக்கால் கூட்டிக் கழுவினால் போதும். திறப்பு சித்தப்பாவிடம்தானே இருக்கிறது. நான் கேட்டால் யோசிப்பார், நீ கதைத்தால் மறுக்க மாட்டார். இந்த மாத முடிவுக்குள் பதில் எழுதினாயென்றால் மிருக வைத்தியரிடம் நாள் எடுத்துவிடுவேன். உன் வளவுப் பூனைகளிலிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
ராணி